பரிசேயர், ஜெபஆலயம், நியாயப்பிரமாணம்: மூன்று தமிழ்ச் சொற்களும் ஒரு வரலாற்றுத் திருப்பமும்

யூத சமயத்தின் கலைச்சொற்கள் தமிழுக்குப் பெரும்பாலும் விவிலியத்தின் வழியாகவே வந்தன. தரங்கம்பாடியில் 1714–15இல் புதிய ஏற்பாடு அச்சேறிய காலந்தொட்டு, யூதர்களைப் பற்றித் தமிழ் வாசகர் அறிந்தவற்றில் பெரும்பகுதி கிறித்தவ மறைநூலின் சொற்களால் ஆனது. பரிசேயர், சதுசேயர், வேதபாரகர், ஜெபஆலயம், நியாயப்பிரமாணம் ஆகியவை அவற்றுள் சில. இவற்றுள் 'பரிசேயன்' என்ற சொல் தேவாலயப் பிரசங்கங்களில் வெளிவேடக்காரன் என்ற பொருளில் ஏறத்தாழ ஒரு வசைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. இச்சொற்கள் அனைத்தும் முதல் நூற்றாண்டில் நடந்த ஒரு வழக்கில் ஒரு தரப்பின் வாக்குமூலத்திலிருந்து பெறப்பட்டவை. அந்நூற்றாண்டுக்குப் பின் யூத சமயம் அடைந்த பெருமாற்றத்தை இவற்றைக் கொண்டு காண இயலாது. சில இடங்களில் இவை அதை மறைக்கவும் செய்கின்றன.

பரிசேயர் யார்? அக்காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், யூதர்களிடையே நிலவிய மூன்று சிந்தனைப் பிரிவுகளாகப் பரிசேயர், சதுசேயர், எஸ்ஸேனியர் ஆகியோரைக் குறிப்பிடுகிறார். ஏரோது மன்னன் காலத்தில் பரிசேயர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டிருந்தனர் என்பது அவர் தரும் கணக்கு. சதுசேயர் எருசலேம் ஆலயத்தின் குருகுல மேட்டுக்குடியோடு நெருங்கியவர்கள்; எழுதப்பட்ட மோசேயின் தோராவை மட்டுமே கட்டுப்படுத்தும் சான்றாக ஏற்றவர்கள். பரிசேயரோ முன்னோரிடமிருந்து வாய்மொழியாக வந்த மரபையும் ஏற்றனர். இறந்தோர் உயிர்த்தெழுவர் என்று நம்பினர். பொதுமக்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்தனர். 'பிரிந்து நிற்போர்' என்பது அவர்களுடைய எபிரெயப் பெயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பொருள். திருத்தூதர் பவுல் தம்மைப் பரிசேயர் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறார் என்பது பிரசங்கங்களில் அதிகம் நினைவுகூரப்படுவதில்லை.

வாய்மொழி மரபு நடைமுறையில் எவ்வாறு இயங்கியது என்பதற்கு ஹில்லேலின் ஓர் ஏற்பாடு தக்க சான்று. பாபிலோனியாவிலிருந்து வந்த இவ்வறிஞர், பொது ஆண்டுத் தொடக்கத்தையொட்டி எருசலேமில் வாழ்ந்தவர். ஏழாம் ஆண்டில் கடன்கள் யாவும் தள்ளுபடியாக வேண்டும் என்பது தோராவின் கட்டளை. ஏழைகளைக் காக்க எழுந்த இக்கட்டளையே காலப்போக்கில் ஏழைகளுக்கு எதிராகத் திரும்பியது: ஏழாம் ஆண்டு நெருங்கியதும் பணமுடையோர் கடன் கொடுக்க மறுத்தனர். ஹில்லேல் 'புரோஸ்புல்' என்னும் ஆவணத்தை ஏற்படுத்தினார். அதன்படி கடனை வசூலிக்கும் பொறுப்பு நீதிமன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தனிமனிதருக்கிடையே மட்டும் பொருந்திய தள்ளுபடி அதைத் தொடவில்லை. கட்டளையின் எழுத்தைச் சுற்றிச் செல்லும் தந்திரம் என்று இதைக் கூறலாம். கட்டளையின் நோக்கத்தைக் காத்த துணிவு என்றும் கூறலாம். பரிசேயர்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டும் அவர்களது சாதனையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

பொ.ஆ. 66இல் உரோமைக்கு எதிராக யூதர் கிளர்ந்தெழுந்தனர். 70இல் தீத்துவின் படைகள் எருசலேமைக் கைப்பற்றி ஆலயத்தை எரித்தன. அங்கிருந்து கொள்ளையிடப்பட்ட ஏழுகிளை விளக்குத்தண்டை வீரர்கள் சுமந்து செல்லும் காட்சியை உரோம் நகரின் தீத்து வளைவில் இன்றும் காணலாம். யூதர்களுக்கு இது ஒரு கட்டடத்தின் அழிவு மட்டுமன்று. நாள்தோறும் இடப்பட்ட பலி, பாவநிவாரண நாளில் தலைமைக் குரு ஆற்றிய சடங்கு, ஆண்டுக்கு மூன்று திருப்பயணங்கள் எனச் சமயத்தின் மைய வினைகள் அனைத்தும் அந்த ஓரிடத்தோடு பிணைந்திருந்தன. பலியிட இடமில்லாதபோது பாவம் எவ்வாறு தீரும் என்ற வினா அத்தலைமுறையின் முன் எழுந்தது. ஆலயத்தோடு வாழ்ந்த சதுசேயர், ஆலயத்தோடு வரலாற்றிலிருந்து மறைந்தனர்.

அவ்வினாவுக்கு விடைதேடிய முயற்சியோடு பிணைந்த பெயர் யோகனான் பென் சக்காய். முற்றுகையிடப்பட்ட நகரிலிருந்து சீடர்கள் அவரைச் சவப்பெட்டியில் வைத்து வெளியேற்றியதாகவும், உரோமைத் தளபதி வெஸ்பாசியன் பேரரசனாவான் என்று அவர் முன்னுரைத்ததாகவும், கடற்கரைக்கு அண்மையிலுள்ள யவ்னே என்னும் ஊரையும் அதன் அறிஞர்களையும் அவர் கேட்டுப் பெற்றதாகவும் தால்முத் கூறுகிறது. இக்கதையை அப்படியே வரலாறாகக் கொள்வதற்கில்லை. அதன் வடிவங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அதே முன்னுரைப்பைத் தாமே வெஸ்பாசியனிடம் கூறியதாக யோசேப்பஸ் எழுதியுள்ளார். அவர் யோகனானைக் குறிப்பிடவேயில்லை. யோகனானின் வாழ்க்கை வரலாற்றை 1962இல் எழுதிய ஜேக்கப் நியூஸ்னர், 1970இல் வெளியிட்ட நூலில் அதே கதைகளை ஒரு தொன்மத்தின் வளர்ச்சியாக ஆராயத் தலைப்பட்டார். யவ்னேயில் ஒரு பேரவை கூடி எபிரெய விவிலியத்தின் நூற்பட்டியலை முடிவுசெய்தது என்று ஹைன்ரிஷ் கிரேட்ஸ் 1871இல் முன்வைத்த கருதுகோளும் 1960களுக்குப் பின் வலுவிழந்துவிட்டது.

கதை ஐயத்துக்குரியதாயினும், யோகனானின் பெயரில் மிஷ்னா பதிவுசெய்யும் விதிகள் சிறியவை, துல்லியமானவை. புத்தாண்டு நாள் ஓய்வுநாளில் வந்தால் ஆட்டுக்கொம்பை ஆலயத்தில் மட்டுமே ஊதுவது பழைய வழக்கம். இனி நீதிமன்றம் உள்ள இடத்தில் ஊதலாம் என்றார். கூடாரப் பெருநாளில் பேரீச்சங்குருத்தை ஏழு நாளும் ஏந்துவது ஆலயத்துக்கு உரியதாக இருந்தது. ஆலயத்தின் நினைவாக இனி எங்கும் ஏழு நாள் ஏந்துக என்றார். இடிபாடுகளைக் கண்டு கலங்கிய சீடரிடம், பலிக்கு நிகரான பாவநிவாரணம் ஒன்று நம்மிடம் உண்டு, அதுவே அன்புச் செயல்கள் என்று அவர் தேற்றியதாகப் பிற்கால மரபொன்று கூறுகிறது. ஓரிடத்துக்குரிய புனிதம் இவ்வாறு ஊர்தோறும் எடுத்துச்செல்லத் தக்கதாயிற்று.

யவ்னேயின் அறிஞர்கள் தங்களைப் பரிசேயர் என்று அழைத்துக்கொண்டதில்லை. ஆதலால் இரு குழுவினரையும் ஒன்றெனக் கொள்வது பிழை. ஆயினும் தொடர்ச்சிக்குச் சான்று உண்டு. கமாலியேலைப் பரிசேயர் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். அவர் மகன் சிமியோனைப் பரிசேயர் என்கிறார் யோசேப்பஸ். யோகனானுக்குப் பின் யவ்னேயில் தலைமையேற்ற இரண்டாம் கமாலியேல் அக்குடும்பத்தவரே. 'என் ஆசானே' என்று பொருள்படும் 'ரபீ' என்னும் விளி, அறிஞருக்குரிய பட்டமாக நிலைபெற்றதும் இக்காலத்தில்தான். ஹில்லேலுக்கும் ஷம்மாய்க்கும் அப்பட்டம் இல்லாததன் காரணம் இதுவே.

132 முதல் 135 வரை நடந்த பார் கோக்பா கிளர்ச்சியும் தோற்றபின், அறிவுமையம் கலிலேயாவுக்கு நகர்ந்தது. அங்கு ஏறத்தாழ 200ஆம் ஆண்டளவில் யூதா ஹ-நாசி, வாய்மொழி மரபை ஆறு பகுதிகளும் 63 நூல்களுமாகத் தொகுத்தார். அதுவே மிஷ்னா, 'திரும்பத் திரும்ப ஓதிக் கற்றல்' என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். அதன் ஐந்தாம் பகுதி பெரும்பாலும் ஆலயத்தையும் பலிகளையும் பற்றியது. ஆலயம் எரிந்து ஏறத்தாழ 130 ஆண்டுகள் கழிந்தபின், அதன் வாயில்களின் அளவுகளையும் அன்றாடப் பலியின் முறைமையையும் அவர்கள் ஓதிக்கொண்டிருந்தனர். இழந்ததை மீளக் கட்ட இயலாதவர்கள் அதைப் பாடமாக்கினர்.

மிஷ்னாவின்மீது தலைமுறைகளாக நடந்த விவாதங்களின் தொகுப்பு கெமாரா. இரண்டும் சேர்ந்தது தால்முத், அதாவது 'கற்றல்'. கலிலேயாவில் உருவான எருசலேம் தால்முத்தும், சூரா, பும்பெதித்தா முதலிய கல்விமையங்களின் மரபில் விரிந்த பாபிலோனியத் தால்முத்தும் என அது இருவகைப்படும். தோற்ற தரப்பின் கருத்தையும் பெயரோடு பதிந்து வைப்பது இவ்விலக்கியத்தின் இயல்பு. இதிலிருந்து பெறப்படும் நடைமுறை முடிவு 'ஹலாக்கா' எனப்படும். 'நடத்தல்' என்னும் வினையின் வழிவந்த சொல். 'ஒழுகு' என்பதிலிருந்து 'ஒழுக்கம்' பிறந்த மொழியில், இதற்குச் 'சட்டம்' என்பதைவிட 'நெறி' பொருத்தமாகும்.

இப்பின்னணியில் நியாயப்பிரமாணம் என்ற சொல்லை நோக்கலாம். எபிரெயத்தில் 'தோரா' என்பதன் அடிப்படைப் பொருள் போதனை. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதை 'நோமோஸ்', அதாவது சட்டம், என்றனர்; புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டதால் அச்சொல்லே தமிழில் நியாயப்பிரமாணமாகவும், திருவிவிலியத்தில் திருச்சட்டமாகவும் ஆயிற்று. ஆனால் சங்கீதங்களில் அதே எபிரெயச் சொல்லை 'வேதம்' என்று பெயர்த்த இடங்களும் உண்டு. தியானத்துக்கும் மகிழ்ச்சிக்கும் உரியதாகத் தோரா வரும்போது வேதம். பவுலின் விவாதங்களில் வரும்போது பிரமாணம். மூலத்தில் ஒன்றாக நின்றது தமிழில் இரண்டாகியது.

ஜெபஆலயம் என்பதும் அவ்வாறே. கிரேக்கத்தில் 'சினகோகே' என்றால் கூட்டம். எபிரெயத்தில் 'பேத் கெனேசெத்' என்றால் கூடும் வீடு. எருசலேமில் 1913–14 அகழாய்வில் கிடைத்த தியோதொத்தோஸ் கல்வெட்டு, ஆலயம் நின்ற காலத்தது எனப் பெரும்பாலோர் கருதுவர். தோராவை வாசிக்கவும் கட்டளைகளைக் கற்பிக்கவும் வெளியூரார் தங்கவும் அக்கூடம் கட்டப்பட்டதாக அது கூறுகிறது. பலிபீடம் இல்லாத இவ்விடத்தை 'ஆலயம்' என்னும்போது, எது அழிந்தது, எது எஞ்சியது என்ற வேறுபாடே மங்கிவிடுகிறது. திருவிவிலியத்தின் 'தொழுகைக்கூடம்' இதனினும் தெளிவானது. கொச்சி யூதர் மலையாளத்தில் தம் தொழுமிடத்தைப் 'பள்ளி' என்றனர். தமிழிலும் கல்விக்கும் தொழுகைக்கும் பொதுவான அச்சொல், யவ்னேக்குப் பிந்தைய யூத சமயத்தின் தன்மைக்கு மிக அணுக்கமானது.

சொற்களைப் பற்றிய இக்கவலை அகராதியோடு முடிவதன்று. மத்தேயு நற்செய்தி ஆலய அழிவுக்குப் பின் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து; பரிசேயர்மீது அது காட்டும் கடுமையில், ஒரே மரபின் உரிமைக்காகப் போட்டியிட்ட இரு யூதக் குழுக்களின் சச்சரவு ஒலிக்கிறது. போலிப் பக்தியைத் தால்முத்தும் விட்டுவைக்கவில்லை. ஏழுவகைப் பரிசேயரைப் பட்டியலிட்டு அவர்களுள் பெரும்பாலோரை எள்ளுகிறது. குடும்பத்துக்குள் எழுந்த இக்கண்டனம், பின்னர் வெளியாரின் கையில் ஆயுதமாயிற்று. 1240இல் பாரிஸில் தால்முத் விசாரணைக்கு உள்ளானது. அதனைத் தொடர்ந்து அதன் கையெழுத்துப்படிகள் வண்டி வண்டியாக எரிக்கப்பட்டன. ஆலயம் எரிந்தபோது யூதர் கல்வியிடம் தஞ்சம் புகுந்தனர். அங்கு கல்வியே எரிக்கப்பட்டது.

ஆகவே பல்கலைக்கழக வகுப்பறையில் 'பரிசேயர்' என்ற சொல் வரும்போது, அது யாருடைய சொல், எந்தக் காலத்துச் சச்சரவின் எச்சம் என்று கேட்டுத் தொடங்குவது முறையாகும். வெளிவேடக்காரர் என்று தமிழில் பதிந்துபோன அம்மரபின் வழியில் வந்தவர்களே, ஆலயமும் அரசும் இல்லாத ஒரு மக்கள் கூட்டம் பல நூற்றாண்டுகள் நிலைத்திருப்பதற்கான வழியை வகுத்தவர்கள்.