கண்மாய்ச் சேறும் ஒரு பாசியும்

பி.காம். படிக்கிறவனுக்குப் பாசியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய் வற்றும்போது, ஈரச் சேற்றின் மேல் பச்சையாக ஏதாவது படர்ந்திருக்கும். வழுக்காமல் தாண்டினால் போதும் என்று போய்விடுவோம். சென்னையில் ஒரு பேராசிரியர் குனிந்து பார்த்தார்.

அவர் எம்.ஓ.பி. அய்யங்கார் (1886-1963). லண்டனில் எஃப்.ஈ. ஃபிரிட்ச் என்பவரிடம் ஆய்வு செய்தவர். 1932-ல் ஈரமண்ணில் வளரும் புதுப் பாசி ஒன்றை விவரித்து, தன் ஆசிரியர் பெயரையே அதற்கு வைத்தார்: ஃபிரிட்சியெல்லா. பாசி என்றால் தண்ணீரில் மிதப்பது என்றுதானே நினைக்கிறோம்? இதில் ஒரு பகுதி மண்ணுக்குள் இருக்கும், இன்னொரு பகுதி மெல்லிய இழைகளாக மேலே கிளம்பும். ஆதியில் செடிகள் தண்ணீரை விட்டுத் தரையேறியது இப்படித்தானோ என்று பலர் யோசித்தார்கள். பாடப்புத்தகத்திலும் ஏறிவிட்டது.

அப்புறம் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தது. இதன் செல் பிரிகிற விதம் செடிகளுடையதைப் போல் இல்லை. மரபணுக்களும் அதையே சொல்லின. செடிகளின் பங்காளிகள் காரா வகைப் பாசிகளாம். ஃபிரிட்சியெல்லா வேறு கிளை, தன் வழியில் தனியாகக் கரையேறியது. ஊகம் போயிற்று, ஆனால் 1932-ல் அவர் கண்டு எழுதிய பாசி அதே பெயரில் இன்றும் இருக்கிறது.

அவருடைய மாணவர் டி.வி. தேசிகாச்சாரி 1959-ல் நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 'சயனோஃபைட்டா' என்ற தடித்த புத்தகம் எழுதினார். அந்தப் பாசிகளுக்குப் பெயர் தேடுகிறவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். என் வரிச்சட்டப் புத்தகம் ஒரே வருடத்தில் பழசாகிவிட்டது, அது வேறு கதை.