குழாய்த் தண்ணீரும் சிறு மின்னோட்டமும்: உள்ளங்கை வியர்வைக்கு வீட்டுச் சிகிச்சை குறித்து மன்னார்புரத்திலிருந்து ஒரு வாதம்

திருச்சியில் சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அதனாலேயே இங்கே உள்ளங்கை வியர்வையையும் வெயிலின் கணக்கில் எழுதிவிடுகிறோம். மார்கழியிலும் ஒரு மாணவியின் விடைத்தாள் நனைகிறதென்றால் அந்தக் கணக்கு தவறு. உள்ளங்கைச் சுரப்பிகள் பெரிதும் மனக்கிளர்ச்சிக்கே இசைபவை. இத்தொல்லை உள்ளவர்களிடம் பரிவு நரம்புகள் அவற்றை அளவுமீறித் தூண்டுகின்றன. பெரும்பாலும் 25 வயதுக்குள் தொடங்கி, இரு கைகளிலும் ஒத்து வந்து, தூக்கத்தில் நின்றுவிடுவது இதன் முதன்மை வகை. தைராய்டு, சர்க்கரை நோய் போன்றவற்றால் வரும் வியர்வையை மருத்துவர் முதலில் விலக்கியாக வேண்டும்.

அலுமினியம் குளோரைடு பூச்சு பலிக்காதவர்களுக்கு அடுத்த படி ஐயான்டோபோரிசிஸ், அதாவது தண்ணீர் வழியே சிறு மின்னோட்டம் செலுத்தும் சிகிச்சை. 1968இல் லெவிட் என்ற தோல் மருத்துவர் இதற்கான எளிய கருவியொன்றை விவரித்தார். தண்ணீர் நிரப்பிய இரு தட்டுகளில், தட்டுக்கு ஒன்றாகக் கைகளை வைத்து, 15 முதல் 20 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டத்தை 20 நிமிடம்போலச் செலுத்துவார்கள். வாரம் மூன்று நான்கு முறை செய்தால் சில வாரங்களில் கை உலரும். வியர்வை நாளங்கள் அடைபடுகின்றன என்ற பழைய விளக்கத்துக்கு நுண்ணோக்கியில் தெளிவான சான்று கிட்டவில்லை. விளக்கம் முழுமை பெறாதபோதும் பயன் ஐயத்துக்கு இடமில்லாதது.

ஆனால் நிறுத்தினால் வியர்வை திரும்பும். பராமரிப்பு அமர்வுகள் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். ஒவ்வொரு முறையும் விடுப்பு எடுத்துப் புறநோயாளிப் பிரிவில் காத்திருக்க எந்தத் தொழிலாளியால் முடியும்? நனைந்த கையுறையோடு வெல்டிங் கைப்பிடியைப் பிடிப்பவருக்கு இது உயிர் தொடர்பான கேள்வி. ஆகவே இச்சிகிச்சைக்கு உரிய இடம் வீடு என்பதே என் துணிபு.

வீட்டில் செய்யலாம் என்றால் கருவியையும் வீட்டிலேயே கட்டலாம் என்று பொருள் கொள்ளக்கூடாது. இரு கைகளையும் இரு தட்டுகளில் வைக்கும்போது மின்னோட்டம் மார்பு வழியே கடக்கிறது. வீட்டு இணைப்பில் வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டம் கசிந்தால், 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே தசை இறுகிக் கையை எடுக்க முடியாமல் போகும். சார்ஜர் வயரை அறுத்துக் கட்டும் முயற்சியை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி, மெல்ல ஏற்றி இறக்கும் தரச்சான்று பெற்ற கருவியே வேண்டும். மோதிரம், வளையலைக் கழற்ற வேண்டும். கீறலில் வாசலின் தடவ வேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோயாளிகள், மின்பாதையில் உலோகம் பொருத்தப்பட்டவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்புகள் குறைவு. மின்சாரம் சரியாகப் பாயாது. அதைச் சுத்தமானதென்று நம்பித் தட்டில் ஊற்றுபவர் சிகிச்சையே பலிக்கவில்லை என்று முடிவுகட்டக்கூடும். மாநகராட்சிக் குழாயில் வரும் காவிரி, கொள்ளிடத் தண்ணீர் போதும்.

எஞ்சியிருப்பது விலை. அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுகள் முதல் சில அமர்வுகளைத் தம் கண்காணிப்பில் நடத்தி, நோயாளிக்குப் பழக்கிய பின் கருவியைச் சில மாதங்களுக்கு இரவலாகத் தரலாம். பராமரிப்பு வாரம் ஒருமுறையோ அதற்கும் அரிதாகவோ ஆகிவிட்டால், ஒரே கருவியைப் பக்கத்துத் தெருக்காரர்கள் நால்வர் முறைவைத்துப் பயன்படுத்த முடியும்.