முன்னும் பின்னும் ஒரே முனை: உச்சமுனை நீரில் ஒரு பலகையின் வரலாறு

கற்பிட்டிக் குடாநாட்டின் வடக்கே நிலம் மெலிந்து, மணல் தீவுகளாக உடைந்து, கடலுக்குள் நீளும். அந்த வரிசையில் ஒன்று உச்சமுனை. மேற்கே திறந்த கடல். கிழக்கே டச்சுக் குடா. அதன் தெற்கே புத்தளம் களப்பு. நடுவே தாழ்ந்த மணல் நிலம். மே மாதம் பிறந்து தென்மேற்குப் பருவக்காற்றான சோளகம் எழுந்துவிட்டால், இந்த மணலின் இரு பக்கமும் ஒரே ஊரின் நீர் என்று சொல்ல முடியாது. மேற்கே அலை உடைந்து நுரை பறக்கும். மணலைக் கடந்து கிழக்குக் கரையில் போய் நின்றால், காற்று அதே வேகத்தில் காதில் இரையும். நீர் மட்டும் இழுத்து விரித்த துணிபோலக் கிடக்கும்.

அலையை வளர்ப்பது காற்றின் வேகம் மட்டுமல்ல, காற்று தடையில்லாமல் நீரின்மேல் ஓடிவரும் தூரமும்தான். மேற்கே அந்தத் தூரம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். கிழக்கே, மணலின் காலடியில், சில மீற்றர். உயரமில்லாத மணல் காற்றைக் குலைப்பதில்லை. அலையை மட்டும் நிறுத்திவிடுகிறது.

பெரிய பட்டத்தின் இழுவையில் பலகைமேல் நின்று நீரில் சறுக்கும் விளையாட்டுக்கு, அதாவது கைட் சர்ஃபிங்குக்கு, இதைவிட நல்ல பயிற்சிக்களம் கிடைப்பது அரிது. 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் கற்பிட்டியின் கண்டக்குளி, கப்பலடிப் பக்கங்களில் இதற்கான பயிற்சி முகாம்கள் பெருகின. அங்கு வருகிறவர்களில் அனுபவசாலிகள் பெரும்பாலும் ஒரு பலகையோடு வருவதில்லை. களப்புக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று. எந்த நீருக்கு எந்தப் பலகை என்ற இந்தக் கேள்வி, எந்தப் பனிக்கு எந்த ஸ்கீ, அதாவது எந்தப் பனிச்சறுக்குப் பலகை, என்ற கேள்வியின் நேர் வாரிசு. அந்த வாரிசுரிமையைப் படிப்படியாகக் காட்டுவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். இரண்டாவது நோக்கம் இன்னும் முக்கியமானது. பனியிலிருந்து நெடுந்தூரம் வந்து அந்தப் பலகை அடைந்த வடிவத்தை இலங்கையின் கடலோடிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, தங்கள் சொந்தத் தேவையால், கண்டடைந்திருந்தார்கள்.

பனியிலிருந்தே தொடங்கலாம். ஸ்கண்டிநேவியாவில் ஒருகாலத்தில் இரு காலுக்கும் ஒரே அளவு பலகை இருக்கவில்லை. ஒரு காலில் நீண்ட பலகை, வழுக்கிச் செல்ல; மறு காலில் குட்டையான பலகை, அடியில் விலங்கின் தோல் ஒட்டி, உந்தித் தள்ள. ரோமம் ஒரு திசையில் வழுக்கும், மறுதிசையில் பனியைப் பற்றும். காட்டு வழியில், சமநிலத்தில், வேட்டைக்குப் போகிறவனுக்கு அது போதும். செங்குத்தான சரிவில் திரும்பி இறங்குகிறவனுக்குப் போதாது. நோர்வேயின் தெலெமார்க் பகுதியைச் சேர்ந்த சொந்த்ரெ நோர்ஹெய்ம் இந்த இரண்டாவது தேவைக்காகப் பலகையின் இடையை ஒடுக்கினார். இரு முனையும் அகன்று இடை மெலிந்த பலகையைச் சாய்த்து அழுத்தினால், அதன் விளிம்பு பனியில் ஒரு வளைவை வரையும். பலகை அந்த வளைவின் வழியே தானாகத் திரும்பும். 1868இல் அவர் கிறிஸ்தியானியாவில், இன்றைய ஒஸ்லோவில், நடந்த போட்டியில் தன் திறமையைக் காட்டிய பிறகு அந்த இடை பரவலாயிற்று. 1993இல் ஸ்லொவேனியாவின் எலான் நிறுவனம் எஸ்.சி.எக்ஸ். என்ற பலகையில் இந்த ஒடுக்கத்தை முன்னில்லாத அளவுக்கு ஆழமாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் நேரான பழைய பலகைகள் கடைகளிலிருந்து மறைந்தன.

இன்றைய தேர்வு பெரும்பாலும் அந்த இடையின் அகலத்தில்தான் தொடங்குகிறது. இயந்திரத்தால் சமன்படுத்தி இறுகிய சரிவுக்கு ஏறத்தாழ 65 முதல் 75 மில்லிமீற்றர். எல்லாச் சரிவுக்கும் பொதுவாக 80 முதல் 95. முழங்கால் புதையும் புதுப்பனிக்கு 100க்கு மேல். காஷ்மீரின் குல்மார்க்கில் கம்பிவட ஊர்தி ஏறி அபர்வத் மலையின் உயரத்திலிருந்து யாரும் மிதிக்காத பனியில் இறங்குகிறவருக்கு மெல்லிய பலகை கொடுத்தால் அவர் புதைந்துபோவார். அகன்ற பலகையை இறுகிய சரிவில் கொடுத்தால் விளிம்பு மாறி விளிம்புக்குச் சாய்வதற்குள் கால் சலித்துவிடும்.

பலகை பனியிலிருந்து நீருக்கு இறங்கிய தருணம் துல்லியமாகத் தெரியும். 1922 கோடையில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பெப்பின் ஏரிக்கரையில், 18 வயது ரால்ஃப் சாமுவெல்சன் முதலில் பனிச்சறுக்கு ஸ்கீகளையே காலில் மாட்டிக்கொண்டு படகின் பின்னால் இழுபட்டுப் பார்த்தார். அவை மூழ்கின. பனியை விட நீர் எளிதில் விலகும். அதே எடையைத் தாங்க அதற்கு அகன்ற பரப்பு வேண்டும். அவர் 8 அடி நீளமும் 9 அங்குல அகலமும் உள்ள இரண்டு பலகைகளை எடுத்து, முனைகளைக் கொதிநீரில் பதப்படுத்தி மேல்நோக்கி வளைத்தார். நீர்ச்சறுக்கு அப்படித்தான் பிறந்தது. நுனியை மேலே வளைத்தது சின்ன விஷயமல்ல. பலகையின் நீளவாட்டு வளைவு இன்றுவரை நீர்ப்பலகை செய்கிறவர்களின் முதல் கணக்காக இருக்கிறது.

படகை நீக்கிவிட்டுக் காற்றையே இழுக்கச் செய்யும் வேலையை இரண்டு தரப்பினர் தனித்தனியே செய்தார்கள். பிரான்ஸின் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த புரூனோ, தொமினிக் லெகெஞு சகோதரர்கள் 1984 நவம்பரில், முன்விளிம்பில் காற்றடைத்த பட்டத்துக்குக் காப்புரிமை விண்ணப்பித்தனர். நீரில் விழுந்தாலும் மிதக்கும், மறுபடி எழுப்பலாம். அமெரிக்காவிலோ, போயிங் நிறுவனத்தில் காற்றியக்கவியல் நிபுணராக இருந்த பில் ரோஸ்லரும் மகன் கோரியும் விறைத்த சட்டம் கொண்ட பட்டத்தை நீர்ச்சறுக்குப் பலகைகளோடு இணைத்து, அந்த அமைப்பை 1994இல் கைட்ஸ்கீ என்ற பெயரிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தனர். பெயரிலேயே வம்சாவளி இருக்கிறது. கோரி விரைவில் இரண்டு பலகையை விட்டு ஒரு பலகைக்கு மாறினார்.

ஒற்றைப் பலகை முதலில் அலைச்சறுக்குப் பலகையின் சாயலில்தான் இருந்தது: கூரிய முன்முனை, தட்டையான பின்முனை, பின்பக்கம் மட்டும் துடுப்புத்தகடு. அதில் ஒரு சிக்கல். பட்டத்தைத் தலைக்கு மேலாக மறுபக்கம் கொண்டுபோனால் இழுவை திசை மாறும். பலகையோ ஒரு திசைக்கு மட்டும் செய்யப்பட்டது. ஓட்டுபவர் பலகையைச் சுற்றித் திருப்பி, நடுவழியில் கால்களை மாற்றி வைக்க வேண்டும். புதியவர்கள் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 1990களின் இறுதியில், பனிப்பலகையிலும் வேக்போர்டிலும் ஏற்கெனவே இருந்த ஒரு வடிவம் இங்கும் வந்தது. இரு முனையும் ஒன்றாகச் செய்த, ட்வின்டிப் எனப்படும் இருமுனைப் பலகை. இதில் திரும்பவே வேண்டியதில்லை. பட்டம் மறுபக்கம் போனதும் பின்முனை முன்முனையாகிவிடும். ஓட்டுபவரின் குதிகால் விளிம்பு எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்கும். மாறுவது முன்பக்கம் மட்டும்.

இந்தக் கடைசி வாக்கியம் இலங்கையின் மேற்குக் கரைக்காரர்களுக்குப் புதிதல்ல.

நீர்கொழும்பு, சிலாபப் பக்கத்திலிருந்து பருவத்துக்குப் பருவம் மீனவர்கள் கற்பிட்டித் தீவுகளுக்கு வந்து வாடி என்ற தற்காலிகக் குடில் அமைத்துத் தொழில் செய்வது வழக்கம். அவர்களுடைய கரையின் கலம், சிங்களத்தில் 'ஒருவ' என்று அழைக்கப்படும் பாய்த்தோணி. குடைந்த மரத்தின் மேல் பக்கப்பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து உயர்த்தியிருப்பார்கள். தோணி மிக ஒடுங்கியது, தனியே நிற்காது. ஒரு பக்கத்தில், இரண்டு வளைந்த கழிகளின் நுனியில், நீளவாட்டாக ஒரு மிதவைக்கட்டை பிணைக்கப்பட்டிருக்கும். பாய் விரித்து ஓடும்போது அந்தக் கட்டை காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும். அதன் எடைதான் தோணி பாய்ப்பக்கம் கவிழாமல் காக்கிறது. அப்படியானால் திசை மாற்றுவது எப்படி? தோணியைத் திருப்பினால் கட்டை மறுபக்கம் போய்விடும். எனவே தோணியைத் திருப்புவதில்லை. பாயை மறுமுனைக்கு மாற்றிக் கட்டி, சுக்கானை எதிர்முனைக்குக் கொண்டுபோய், வந்த வழியே பின்முனை முன்முனையாக ஓடுவார்கள். அதனால் தோணியின் இரு முனையும் ஒரே வடிவில் செதுக்கப்பட்டிருக்கும்.

இதைப் பதிவு செய்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஹோர்னெல். சென்னை மாகாணத்தின் மீன்வளத்துறையில் பணிபுரிந்த அவர், தென்னிந்தியக் கலங்களை ஆராய்ந்த கையோடு இலங்கையின் மீன்பிடிக் கலங்களைப் பற்றியும் 1943இல் விரிவான கட்டுரை எழுதினார். ஆனால் செய்தி அவரைவிட மிகப் பழையது. கி.பி. 79இல் இறந்த ரோமானிய அறிஞர் பிளினி, தாப்ரபேன் என்ற இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட கடல் ஆழம் குறைந்தது, இடையிடையே மிக ஆழமான வாய்க்கால்கள் உண்டு என்கிறார். அங்குள்ள கப்பல்களுக்கு இருபுறமும் முகப்பு இருப்பதாகவும், ஒடுங்கிய வழியில் திரும்பாமல் செல்ல அது உதவுவதாகவும் எழுதுகிறார். பிளினி இந்தப் பக்கம் வந்தவரல்லர், கேட்டதை எழுதியவர். அவர் சொல்லும் கப்பல்கள் 3,000 ஆம்போரா கொள்ளக்கூடிய பெரிய சரக்குக் கலங்கள், மீன்பிடித் தோணிகளல்ல. ஆகவே பிளினியின் கப்பலும் நீர்கொழும்புத் தோணியும் ஒன்றே என்று சொல்வது அவசரம். சொல்லக்கூடியது இது: இருமுகக் கலம் என்ற எண்ணம் இந்தக் கடலோடு முதலாம் நூற்றாண்டிலேயே இணைத்துப் பேசப்பட்டது. அவருக்குச் செய்தி சொன்னவர் கண்டது சரியாக இருக்கலாம். காரணத்தில் பாதியைத்தான் அவர் பிடித்திருக்கிறார் என்று தோன்றுகிறது. ஒடுங்கிய வாய்க்கால் ஒரு காரணம் என்றால், காற்றுப் பக்கம் மாறக்கூடாது என்பது இன்னொன்று.

இருமுனைப் பலகையை வடிவமைத்தவர்கள் இலங்கைத் தோணியைப் பார்த்துச் செய்யவில்லை. அப்படி ஒரு தொடர்பை நிறுவ முயல்வது வரலாற்றுக்கு இழைக்கும் தீங்கு. ஒரே சிக்கலுக்கு, ஒருவரையொருவர் அறியாத இரண்டு கூட்டத்தார் ஒரே விடையைக் கண்டார்கள். அதுவே போதிய பெருமை.

தேர்வுக்கும் இதே கதைதான். கற்பிட்டிக் கரையில் கலம் எப்போதும் நீரைப் பார்த்தே அமைந்தது. அலை உடையும் மேற்குக் கரையிலிருந்து இறங்கத் தெப்பம் ஏற்றது. சேர்த்துக் கட்டிய மரங்களின் இடைவெளியில் நீர் வடிந்துவிடும். நிரம்பி மூழ்க அதில் குழிவே இல்லை. களப்புக்குள் வள்ளம். சராசரியாக ஒன்றிரண்டு மீற்றர் ஆழம் மட்டுமே உள்ள புத்தளம் களப்பில், தட்டாமல் மிதந்து வலையையும் மீனையும் உலர்வாக ஏற்றிவர அதுவே வசதி. தெப்பத்தில் களப்புக்குள் போகக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் இடுப்புவரை நனைந்தபடி போக வேண்டிய அவசியம் அங்கே இல்லை.

இப்போது பலகைக்காரர்களின் கணக்கு. களப்பின் தட்டை நீருக்கு வளைவு குறைந்த இருமுனைப் பலகை. முழு அடிப்பரப்பும் நீரில் படிவதால் விரைவில் மேலெழும்பும், காற்றுக்கு எதிராக நன்றாக ஏறும். பெரியவர்களுக்குப் பொதுவாக 132 முதல் 144 சென்ரிமீற்றர்; எடை கூடினால் அல்லது காற்று மெலிந்தால் பெரியது. அதே பலகையைக் குலுங்கும் நீருக்குக் கொண்டுபோனால், தட்டை அடிப்பகுதி ஒவ்வொரு சிற்றலையிலும் அறைந்து முழங்காலைப் பதம் பார்க்கும். அங்கே வளைவு கூடியது வேண்டும். மேற்கே, உடையும் அலையின் முகத்தில் ஏறி விளையாட விரும்புகிறவருக்கு இருமுனைப் பலகையே பொருந்தாது. அவர் கால்பட்டை இல்லாத, ஒருதிசை அலைப்பலகைக்குத் திரும்பிப் போகிறார். தொடக்ககாலத்தில் தொல்லை என்று கைவிட்ட வடிவம் தன் சொந்த நீரில் மறுபடி மேலாகிவிடுகிறது.

பட்டத்தின் அளவு தனிக் கணக்கு. காற்றின் இழுவிசை அதன் வேகத்தின் வர்க்கத்தோடு உயரும். 15 நாட் காற்று 20 நாட் ஆனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது; இழுவையோ ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடும். 75 கிலோ எடையுள்ளவர் 15 நாட்டில் 12 சதுர மீற்றர் பட்டத்தை எடுத்தால், 20 நாட்டில் 9 போதும். காலையில் சரியாக இருந்த பட்டம், சோளகம் வலுக்கும் பிற்பகலில் ஆபத்தாகலாம். பாயைச் சுருக்கிக் கட்டத் தெரிந்த மீனவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரு கலம் மட்டும் இந்தக் களப்போடு ஒத்துப்போவதில்லை. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் மார்செய் கடற்பரப்பில் முதன்முறையாகக் கைட் போட்டி நடந்தபோது, பலகைகளின் அடியில் நீண்ட தண்டும் அதன் நுனியில் சிறகும் இருந்தன. வேகம் பிடித்ததும் பலகை நீரை விட்டே எழுந்து, சிறகு மட்டும் உள்ளே பறக்கும். தண்டின் நீளம் ஒரு மீற்றர் அளவில் இருக்கும். இடுப்பளவு நீரில் அது மணலில் தட்டி ஓட்டுபவரை முன்னால் எறிந்துவிடும். ஒலிம்பிக்கில் ஓடிய அந்தப் பலகை இங்கே பல இடங்களில் கரையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

நீரிலிருந்து பனிக்கும் ஒரு திரும்புப் பயணம் உண்டு. 2001இல் ஷேன் மெக்கோங்கி என்ற சறுக்கு வீரர் அலாஸ்காவின் ஆழ்பனியில் நீர்ச்சறுக்குப் பலகைகளையே மாட்டிக்கொண்டு இறங்கினார். ஆழ்பனி நீரைப்போல நடந்துகொள்கிறது என்பது அவர் வாதம். அதன்படி இடை அகன்று, முனைகள் மேல்நோக்கி வளைந்த ஸ்பாட்டுலா என்ற ஸ்கீ 2002இல் வந்தது. இன்று குல்மார்க்கின் புதுப்பனிக்குச் சிபாரிசு செய்யப்படும் அகன்ற ஸ்கீகளில் அந்த வளைவு இருக்கிறது.

உச்சமுனைப் பக்கத்துக் கலங்களுக்கு நேர்ந்தது வேறு. 1960களுக்குப் பின் பைபர் படகும் வெளியிணைப்பு எஞ்சினும் இலங்கைக் கரையெங்கும் பரவின. எஞ்சினை மாட்டத் தட்டையான பின்பக்கம் வேண்டும். முகப்பு ஒன்று, பின்புறம் ஒன்று என்று படகு நிரந்தரமாகப் பிரிந்துவிட்டது. அதனால் மீனவருக்குக் கிடைத்த வேகமும் பாதுகாப்பும் மறுக்கமுடியாதவை. ஆனால் பாய்விரிக்கும் தோணியின் முனைகளை ஒன்றுபோலச் செதுக்கும் கை, தைக்கும் கயிற்றின் இறுக்கம், பாயை மறுமுனைக்கு மாற்றும்போது மூவர் பேசிக்கொள்ளும் ஒழுங்கு ஆகியவற்றை அறிந்தவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள். கற்பிட்டியின் 14 தீவுகளையும் சுற்றுலாத் திட்டத்துக்குள் கொண்டுவரும் முயற்சி தொடங்கியபோது, மீனவர்கள் கரைவலைப் பாட்டையும் வாடி நிலத்தையும் பற்றிக் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலைக்குள் இந்த அறிவும் அடங்கியிருந்தது. அதை யாரும் தனியே கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை என்றால் இழப்பு பெரிது.

சோளகக் காலத்துப் பிற்பகல் ஒன்றில் உச்சமுனையின் கிழக்குக் கரையில் நின்றால் பைபர் படகுகள் முகப்பைக் கரைக்குக் காட்டி வரிசையாகக் கிடப்பதைப் பார்க்கலாம். அவற்றுக்கு அப்பால், தட்டை நீரில், பட்டம் ஒன்று வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாயும். அதன் கீழ் ஒருவர் ஒரு கணம் நின்று, திரும்பாமல், வந்த வழியே பின்முனை முன்னாக ஓடுவார்.