கோயமுத்தூர் தாயி

கோயமுத்தூர் தாயி (1872–1917) கர்நாடக இசைப் பாடகி. இயற்பெயர் பழனிக்குஞ்சரம். தென்னிந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கிய காலத்தில் மிகுதியாகப் பாடிப் பதிவு செய்தவர்களில் ஒருவர். இவர் பாடிய திருவருட்பாப் பதிவு ஒன்று பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாழின் 'ராகமாலிகா' என்ற படைப்புக்கு மூலமாக அமைந்தது.

பின்னணி

தாயி கோயம்புத்தூரைச் சேர்ந்த தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தார். நாட்டியத்திலும் பாட்டிலும் பயிற்சி பெற்றார். பின்னர் சென்னைக்கு வந்து வாய்ப்பாட்டுக் கலைஞராகப் புகழ்பெற்றார்.

அன்று சென்னையின் இசை வாழ்க்கை மயிலாப்பூரைவிடத் துறைமுகத்தை ஒட்டிய வடபகுதியிலேயே செழித்திருந்தது. கறுப்பர் நகரம் என வழங்கி, பின்னர் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் மாறிய பகுதி அது. வணிகர்களின் ஆதரவும் கோயில் விழாக்களும் இருந்ததால் பாடகிகளும் நட்டுவனார்களும் அங்கே குடியேறினர். வீணை தனம்மாளின் வீடு அங்குதான் இருந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாளும் சென்னையில் வாழ்ந்த காலத்தில் அப்பகுதியைச் சார்ந்தே இருந்தார். வடக்கே திருவொற்றியூரில் தியாகராஜ சுவாமிகள் திரிபுரசுந்தரி அம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் இயற்றியிருந்தார். அவருடைய சீடர் வீணை குப்பய்யரின் மரபும் அங்கே வேரூன்றியிருந்தது.

அதே காலத்தில் தேவதாசிகளின் நடனத்துக்கு எதிர்ப்பும் வலுத்தது. 1892–93இல் சென்னையின் சமூகச் சீர்திருத்த அமைப்பினர் நடன நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ள வேண்டாம் என அரசுப் பிரதிநிதிகளிடம் முறையிட்டனர். சதிர் மேடைகள் குறையத் தொடங்கின. பாட்டையும் சேர்த்துக் கற்ற பெண்களுக்கு வாய்ப்பாட்டுக் கச்சேரி மாற்று வழியானது. சில ஆண்டுகளில் கிராமபோனும் வந்து சேர்ந்தது.

கிராமபோன் வருகை

லண்டனைச் சேர்ந்த கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் 1902இல் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே கௌஹர் ஜான் பாடியவை இந்திய இசைத்தட்டு வரலாற்றின் தொடக்கப் பதிவுகளில் முதன்மையானவை. அடுத்த சில ஆண்டுகளில் பதிவுக் குழுக்கள் சென்னைக்கும் வந்தன. சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயமுத்தூர் தாயி ஆகியோர் இக்காலத்தில் பதிவு செய்த பாடகிகள்.

தொடக்கப் பதிவுகளில் பெண்களின் குரலே மிகுந்திருந்ததற்குச் சமூகக் காரணம் உண்டு. வித்வான்கள் பலர் பெட்டிக்குள் தம் குரலை அடைத்துக் கடைத்தெருவில் விற்பதை இழிவாகக் கருதினர். பதிவு செய்தால் குரல் போய்விடும் என்ற அச்சமும் இருந்தது. தேவதாசி மரபினர் பொது அவையில் பாடுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் என்பதால் புதிய கருவியை ஏற்க அவர்களுக்குத் தயக்கம் குறைவு. உயர்ந்த சுருதியில் எடுப்பாக ஒலிக்கும் குரல் அன்றைய கருவிக்கும் ஏற்றதாக இருந்தது.

பதிவு முறை

மின்சார ஒலிவாங்கி 1925க்குப் பிறகே பதிவுக்கூடங்களுக்கு வந்தது. தாயி பாடியது முழுவதும் அதற்கு முந்தைய முறையில். பாடுபவர் ஒரு பெரிய கூம்புக் குழாயின் வாய்க்குள் உரக்கப் பாட வேண்டும். குழாயின் மறுமுனையில் உள்ள மெல்லிய தகடு அதிர, அதனுடன் இணைந்த ஊசி சுழலும் மெழுகுத்தட்டில் கோடு கீறும். தவறு நேர்ந்தால் திருத்த வழியில்லை. மீண்டும் முதலிலிருந்து பாட வேண்டும். தம்புராவின் மெல்லிய ஒலி மெழுகில் பதியாது என்பதால் சில பதிவுகளில் ஆர்மோனியம் சுருதிக்கு நின்றது.

மெழுகுத்தட்டுகள் கப்பலில் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்றன. அங்கே உலோக அச்சு எடுத்து, அரக்குக் கலவையில் தட்டுகளை அழுத்தி மீண்டும் இந்தியாவுக்கு அனுப்பினர். 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை தொடங்கிய பின்னரே தட்டுகளை இந்தியாவில் அழுத்த முடிந்தது. ஹானோவர் தொழிலாளர்களுக்கு மொழி தெரியாது. பாடகர் பாட்டின் முடிவில் தம் பெயரைச் சொல்லும் வழக்கம் இதனால் ஏற்பட்டது என்பர்.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே அடங்கும். கச்சேரியில் அரை மணி நேரம் விரியும் ராகத்தைச் சில நொடிகளில் காட்டி, பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றையும் விரைந்து பாடி முடிக்க வேண்டும். அக்காலத் தட்டுகளில் சங்கதிகள் நெருக்கமாகவும் வேகமாகவும் ஒலிப்பதற்கு இதுவே காரணம். அதை அன்றைய கச்சேரிப் பாணி என்று கொள்வது பிழை. தட்டுகளின் சுழல்வேகமும் அப்போது சீராக இல்லை. சற்று விரைவாக ஓட்டினால் சுருதி ஏறிவிடும். ஆகவே தாயியின் உண்மையான சுருதியை இன்று துல்லியமாகச் சொல்வது கடினம்.

அருட்பாவும் பாரிஸும்

கீர்த்தனைகளோடு தமிழ்ப் பக்திப் பாடல்களையும் தாயி பதிவு செய்தார். அவற்றுள் குறிப்பிடத்தக்கது ராமலிங்க வள்ளலாரின் (1823–1874) திருவருட்பாவை ராகமாலிகையாகப் பாடிய பதிவு. வள்ளலார் இளமையில் சென்னை ஏழுகிணறு வீராசாமி தெருவில் வாழ்ந்து, கந்தகோட்டத்திலும் திருவொற்றியூர்க் கோயிலிலும் வழிபட்டவர். அருட்பா 1867இல் சென்னையில் நூலாக வெளிவந்தது. அது 'அருட்பா' ஆகுமா என்று ஆறுமுக நாவலர் தொடங்கிய எதிர்ப்பு, 1900களின் தொடக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளை, மறைமலையடிகள் இருவரின் வாதங்களாக மீண்டும் எழுந்தது. அறிஞர்களிடையே அந்த வாதம் நினைவில் இருந்த காலத்தில், அருட்பா ஒரு தேவதாசிப் பாடகியின் குரலில் தட்டாகி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் காதுக்கும் எட்டியது.

ராவெலின் மாணவரான மோரிஸ் தெலாழ் (1879–1961) 1911–12இல் இந்தியாவில் பயணம் செய்தார். இந்திய இசைத்தட்டுகளைச் சேகரித்தார். 1914 ஜனவரியில் பாரிஸில் அரங்கேறிய அவருடைய 'நான்கு இந்துக் கவிதைகள்' தொகுப்பின் முதல் பாடலுக்கு 'மதராஸ்' என்று தலைப்பு. தொடர்ந்து அவர் எழுதிய 'ராகமாலிகா' தாயியின் அருட்பாப் பதிவைப் பெருமளவு பின்பற்றியது. பாடும் சொற்களும் தமிழே. பியானோவின் ஒரு சுரத்தின் தந்திகளுக்கிடையே அட்டைத் துண்டைச் செருகி ஒலியை மழுக்கும்படி அதில் குறிப்பு உள்ளது. கருவியை மாற்றியமைத்து வாசிக்கும் முறைக்கு இது மேற்கத்திய இசையின் முன்னோடி எடுத்துக்காட்டுகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

மறைவும் மறதியும்

தாயி 1917இல் மறைந்தார். மின்சாரப் பதிவை அவர் காணவில்லை. 1928இல் சென்னையில் மியூசிக் அகாடமி தோன்றியது. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. இந்த இடைப்பட்ட காலத்தில் கச்சேரி மேடையும் இசை வரலாற்றை எழுதும் பொறுப்பும் பெருமளவு வேறு சமூகத்தினரின் கைக்குச் சென்றன. தேவதாசிப் பாடகிகளைப் பற்றி எழுதப்பட்டவை குறைவு. அவர்களுடைய குடும்பங்களிலும் பலர் பழைய அடையாளத்தை மறைக்க விரும்பினர்.

வீணை தனம்மாள் 1930களின் தொடக்கத்தில், முதுமையில்தான் பதிவுக்கு இசைந்தார். ஆனால் அவர் வழிவந்த டி. பிருந்தா, பாலசரஸ்வதி ஆகியோர் அவர் இசையை மேடையில் காத்தனர். தாயியின் இசைக்குத் தட்டுகளே பெரும்பாலும் சாட்சி. நடுவயதின் முழுவலிமையோடு அவர் பாடியது மூன்று மூன்று நிமிடத் துண்டுகளாகச் சேகரிப்பாளர்களிடம் எஞ்சியுள்ளது.

இசை வரலாற்றில் இடம்

தாயியின் பதிவுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்கள் பாடிய முறையை அறிய உதவும் நேரடி ஆதாரங்கள். கச்சேரி இசையும் தமிழ்ப் பக்திப் பாடலும் ஒரே பாடகியின் வழக்கத்தில் பிரிவின்றி இருந்ததையும் அவை காட்டுகின்றன. தமிழிசை இயக்கம் 1940களில் முன்வைத்த கோரிக்கைக்கு ஒரு தலைமுறை முன்பே, தமிழ்ப்பாட்டு இசைத்தட்டுச் சந்தையில் விலைபோயிருந்தது என்பதற்கும் அவை சான்றாகும்.