தும்பும் நார்ச்சத்தும்: யாழ்ப்பாணத்து உணவு வரலாற்றிலிருந்து ஒரு நோக்கு

அவித்த பனங்கிழங்கைக் கையிலெடுக்கும் யாழ்ப்பாணத்தவர் எவரும் முதலிற் செய்வது அதன் தும்பை உரித்தெறிவதாகும். எமது பேச்சு வழக்கிலே தும்பு என்பது உண்ணத்தகாதது. வாயில் அகப்பட்டால் துப்பப்படுவது. கயிறாகவும் தூரிகையாகவும் சந்தைக்குப் போகும்போது மட்டுமே விலை பெறுவது. இன்று ஏறத்தாழ அதே இயல்புடைய பொருள், 'நார்ச்சத்து' என்ற பெயருடன், யாழ்ப்பாண நகரத்து மருந்துக்கடைகளிலே பேணிகளில் அடைக்கப்பட்டு விற்கப்படுகின்றது. நாரோடு சத்து சேர்ந்த இந்நிகழ்ச்சி வெறும் சொல்லாக்க நிகழ்ச்சியன்று. உழைக்கும் மக்களின் தட்டிலே தாழ்வின் அடையாளமாயிருந்த ஒன்று, அத்தட்டிலிருந்து நீக்கப்பட்டு, பின்னர் பண்டமாக மீண்டுவந்த வரலாறு அதனுள் அடங்கியுள்ளது. மருத்துவ நூல்கள் இதனை வரலாறாக நோக்குவதில்லை. எமது இலக்கிய, சமூக வரலாற்றாய்வாளரோ உணவைப் பொருட்படுத்துவது அரிது.

குடாநாட்டில் ஆறில்லை. மழையையும் கிணற்றையும் நம்பிய இம்மண்ணில் விளைந்த நெல் ஒருபோதும் மக்கள் அனைவருக்கும் போதியதாயிருந்ததில்லை. புகையிலையைத் திருவிதாங்கூருக்கு விற்றும் வெளியூர் அரிசியை வாங்கியும் இயங்கிய பொருளாதாரம் அது. அரிசி பணத்தோடும் நிலவுடைமையோடும் இணைந்த உணவாயிற்று. குரக்கன், சாமை, வரகு, ஒடியல் என்பன நிலமற்றோருக்கும் கூலியாளருக்கும் உரியவையாயின. அரிசி உண்போரிடையேயும் வெண்மையே தகுதியாகக் கருதப்பட்டது. தவிடு போகத் தீட்டிய அரிசி விருந்துக்கும் சடங்குக்கும், மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசி அன்றாட உலைக்கும் என்ற பாகுபாட்டை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். சாதியும் வர்க்கமும் தட்டிலே நிறமாகத் தெரிந்தன எனலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். 'நம் முன்னோர் நார் மிகுந்த உணவுண்டு நோயற்று வாழ்ந்தனர்' என்ற கூற்று இப்போது மேடைகளிற் பெருகியுள்ளது. பனையோலைப் பிளாவில் ஒடியற்கூழ் குடித்தவர்கள் அதனை ஆரோக்கியம் கருதிக் குடிக்கவில்லை. வேறெதுவும் இல்லாமையாற் குடித்தனர். அவர்களுட் பலர் நீரிழிவு வரும் வயதை எட்டுமுன்னரே காய்ச்சலாலும் வயிற்றோட்டத்தாலும் இறந்தனர். பசியைப் பண்பாடாக்கிப் போற்றுவது எமது நோக்கமன்று.

தவிட்டின் பெறுமதி அறிவியலுக்கு முதலிற் புலப்பட்ட களங்களுள் ஒன்று மலாயா என்பது மனங்கொள்ளத்தக்கது. யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர்கள் திரளாகச் சென்று உத்தியோகம் பார்த்த அந்நாட்டிலே, தீட்டிய பச்சையரிசியை உண்ட சீனத் தொழிலாளரைப் பெரிபெரி நோய் வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடம் அந்நோய் அரிதாயிருந்தது. பிரடன் என்ற ஆங்கில மருத்துவர் 1907இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எடுத்துக்காட்டினார். அவர் கண்ட வேறுபாட்டின் காரணம் நாரன்று; பிற்காலத்தில் உயிர்ச்சத்து பீ1 எனப்பட்ட பொருள். ஆயினும் ஆலையின் வெண்மை உணவிலிருந்து எதையோ களைகின்றது என்ற உண்மை அங்கே கூலியாளரின் உடலில் எழுதப்பட்டிருந்தது.

குடாநாட்டு உணவின் அமைப்பை மாற்றிய பெருந்திருப்பம் 1942இல் நேர்ந்தது. பர்மா யப்பானியர் வசமாகவே அரிசி வரவு நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசியின் குறையை ஈடுசெய்யக் கோதுமை மா இறக்குமதியாயிற்று. போர் முடிந்தபின் பர்மா அரிசி மீண்டும் வந்தபோதும் மா திரும்பிப் போகவில்லை. அமெரிக்க உபரித் தானியம் உதவி என்ற பெயரில் ஆசிய நாடுகளுக்குப் பாய்ந்த காலம் அது. எமது வீடுகளில் 'அமெரிக்கன் மா' என்ற பெயர் நிலைத்தமை தற்செயலன்று. அரிசி மானியக் குறைப்புக்கு எதிரான 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தால் வரலாற்று நூல்களில் இடம்பெற்றுள்ளது. பாணும் கோதுமைப் பிட்டும் குரக்கனின் இடத்தைக் கைப்பற்றிய அமைதியான மாற்றத்திற்கோ வரலாற்றாசிரியர் இல்லை. 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாடு குடாநாட்டு வெங்காய, மிளகாய்ச் செய்கையாளரின் கையிற் பணம் சேர்த்தது. 1980இல் திருகோணமலையில் பிறீமா ஆலை இயங்கத் தொடங்கியபின் வெள்ளை மா நாடெங்கும் மலிந்தது. 1990களின் பொருளாதாரத் தடையின்போது மக்கள் மீண்டும் ஒடியலையும் குரக்கனையும் நாடினர். தடை தளர்ந்ததும் அவற்றை விட்டனர். அவர்களைக் குறைகூற எமக்கு உரிமையில்லை.

குடாநாட்டிலே நார் தட்டைவிட்டு நீங்கிய அதே பத்தாண்டுகளில், மேற்கில் அது ஆய்வுப் பொருளாயிற்று. 'உணவு நார்' என்ற தொடரை 1953இல் ஹிப்ஸ்லி கையாண்டார். உகண்டாவில் நெடுங்காலம் பணியாற்றிய ட்றொவெல், 1972இல் அதற்கு ஒரு வரைவிலக்கணம் வகுத்தார். அதே நாட்டிற் சத்திரசிகிச்சை செய்துவந்த டெனிஸ் பேர்க்கிற், ஆபிரிக்கக் கிராமத்தவரிடம் மலச்சிக்கல், மூலம், குடற் புற்றுநோய் ஆகியன அரிதாயிருப்பதை அவர்களது உணவின் நாரோடு தொடர்புபடுத்தினார். குடியேற்ற நாட்டு மருத்துவ சேவையிலிருந்து பிறந்த கருத்து இது. ஆபிரிக்க விவசாயியின் உணவு ஐரோப்பிய நடுத்தர வர்க்கத்தின் மருந்தாயிற்று. அவ்விவசாயியின் வறுமையும் குறுகிய ஆயுளும் கணக்கில் வராதொழிந்தன. கருத்து தவறென்று இதனாற் பொருளில்லை. அதன் சாரம் பெரிதும் நிலைபெற்றுள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்பேரில் நிகழ்ந்து 2019இல் 'லான்செற்' இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு, நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் நார் உண்போரிடம் இதய நோயும் இரண்டாம் வகை நீரிழிவும் பெருங்குடற் புற்றுநோயும் குறைவாயிருத்தலைக் காட்டியது. அந்நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டல் வளர்ந்தோர்க்குக் குறைந்தது 25 கிராம் என வகுத்ததோடு, அது உணவிலே இயல்பாயமைந்த நாராயிருக்க வேண்டும் என்றும் கூறுகின்றது. பேணி வணிகம் சொல்லாது விடுவது இப்பிற்பகுதியையே.

பேணிக்குள் இருப்பது பெரும்பாலும் இசப்கோல் விதையின் உமி. குஜராத்திலும் இராசத்தானிலும் சிறு விவசாயிகள் விளைவித்து, ஊஞ்சா போன்ற சந்தைகளில் விற்று, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாகும் பொருள் அது. 1934 முதல் அமெரிக்காவில் 'மெற்றமியூசில்' என்ற பெயரில் விற்பனையாகி, இன்று பல பெயர்களில் எமது கடைகளுக்கும் வந்துள்ளது. அதன் பயனை மறுப்பது அறிவியலுக்கு ஒவ்வாது. நீரை உறிஞ்சிக் கூழாகி மலச்சிக்கலைத் தணிக்கின்றது. தீய கொழுப்பைச் சிறிதளவு குறைக்கின்றது. உணவோடு கொண்டால் குருதிச் சர்க்கரையின் ஏற்றத்தை மட்டுப்படுத்துகின்றது. ஆயின் அதே நீருறிஞ்சும் இயல்பே அதன் ஆபத்துமாகும். போதிய நீரின்றி விழுங்கினால் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் வீங்கி அடைத்துக்கொள்ளும். குவார் பிசினாலான 'கல்-பான் 3000' என்ற மெலிவு மாத்திரை இவ்வாறு பலருக்கு அடைப்பை உண்டாக்கியமையால் 1990இல் அமெரிக்க அரசின் நடவடிக்கைக்குள்ளாயிற்று. குறுணை வடிவிலான இசப்கோல் மலமிளக்கிகளையும் அந்நாட்டு உணவு, மருந்து நிருவாகம் 2007இல் பாதுகாப்பானவற்றின் வரிசையிலிருந்து நீக்கியது. விழுங்குவதில் இடர்ப்படும் முதியோரும் குடல் ஒடுங்கியோரும் இதனைத் தொடலாகாது. ஏனையோர் ஒரு முழுக் குவளை நீரோடு, சிறிதளவில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுதல் வேண்டும். தைரொயிட், வலிப்பு, இதய நோய் மருந்துகள் உட்கொள்வோர் அவற்றை இதனோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடலிற் சேர்வது குறையக்கூடும். ஆகையால் சில மணிநேர இடைவெளி தேவை. இன்சுலின் பெறுவோர் மருத்துவரைக் கேளாது தொடங்கலாகாது.

இதனிலும் நுண்ணியது புற்றுநோய் பற்றிய வினா. பேர்க்கிற்றின் கருத்தைப் பொடியைக்கொண்டு சோதித்த ஐரோப்பிய ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நாள்தோறும் 3.5 கிராம் இசப்கோல் பெற்றோரிடம் பெருங்குடற் கட்டிகள் மீளத் தோன்றுவது குறையவில்லை, மாறாகக் கூடியிருந்தது. அதே ஆண்டில் வெளிவந்த கோதுமைத் தவிட்டு ஆய்வும் நன்மை எதனையும் காட்டவில்லை. உணவிலிருந்து ஒரு கூறைப் பிரித்தெடுத்தால் அவ்வுணவின் பயன் முழுவதும் அதனோடு வந்துவிடும் என்ற எண்ணம் இங்கே தடுமாறுகின்றது. முழுமையைக் கூறுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் விலையிடும் உற்பத்தி முறைக்கு இந்த எண்ணம் மிகவும் வசதியானது.

அவ்வாறாயின் ஒடியலுக்கே திரும்பலாமா? பனை உற்பத்திகளை ஊக்குவிப்போர் அவ்வாறு கூறுவதுண்டு. பேராதனையில் அர்சகுலரத்ன, பனாபொக்க முதலியோர் 1970களில் வெளியிட்ட ஆய்வுகளை நாம் மறக்கலாகாது. ஒடியல் மாவை நெடுநாள் உண்ட எலிகளின் ஈரலிற் சிறு நாளங்கள் அடைபட்டிருந்ததை அவர்கள் கண்டனர். மாவில் நரம்பைப் பாதிக்கும் நச்சொன்று உண்டெனவும், வெப்பத்தில் அது வீரியமிழக்கின்றதெனவும் ஆய்வுகள் கூறுகின்றன. எலியிற் கண்டதை மனிதர்மேல் அப்படியே ஏற்றுதல் முறையன்று. ஆயினும் அதனைப் புறக்கணித்து ஒடியலை மருந்தென விற்பதும் முறையன்று.

எமது பெண்கள் ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, கசப்பு நீரை வடித்து, துணியிற் பிழிந்து, அதன்பின்னரே பிட்டவித்தனர் அல்லது கூழ் காய்ச்சினர். கிழங்கை முதலில் அவித்து உலர்த்திப் புழுக்கொடியலாக்கும் வழக்கமும் இருந்தது. கசப்பை நீக்குவதே அவர்கள் அறிந்த நோக்கம். அச்செய்கைக்கு ஒரு பகற்பொழுது வேண்டும். அது கூலியில்லாத உழைப்பு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் தமிழர் கடைகளில் ஒடியல் மா இன்று பொதியாகக் கிடைக்கின்றது. ஊறவிடுதலும் வடித்தலும் பிழிதலும் பொதியோடு வருவனவல்ல. அவற்றைச் செய்தறிந்த கைகள் முதுமையடைந்துவிட்டன.