வீழ்த்தியவனும் வீழ்ந்தவனும்

அமெரிக்க நாட்டின் ‘ரோடியோ’ விளையாட்டில், துள்ளும் காளையின் முதுகில் ஒரு கையால் கயிற்றைப் பற்றி 8 வினாடிகள் நிலைத்திருப்பவனே வெற்றி பெறுவான். 100 புள்ளிகளுள் பாதி வீரனுக்கு, பாதி காளைக்கு. துள்ளாத காளையை அடக்குவதில் பெருமை ஏது? ஆதலின் துள்ளுவதற்கென்றே காளைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கலாயினர். அவற்றுட் பலவற்றின் உடலில் ஓடுவது, இந்தியாவிலிருந்து சென்ற ஓங்கோல், கிர் மாடுகளின் வழிவந்த பிராமன் இனத்துக் குருதியாகும்.

‘ரெட் ராக்’ என்னும் காளை 1987இல் ஓய்வு பெறும்வரை 309 முறை களங்கண்டது; ஒருவரும் அதன்மீது 8 வினாடி நிலைக்கவில்லை. களத்திற்கு வெளியிலோ அது சாதுவான பிராணி. 1988இல், முந்திய ஆண்டின் உலக வெற்றியாளரான லேன் ஃபிராஸ்ட் அதனுடன் ஏழு முறை பொருதினார். நான்கில் வென்றார், மூன்றில் வீழ்ந்தார்.

1989இல் வையோமிங் மாநிலத்துச் செயென் நகரில், வேறொரு காளைமீது 8 வினாடியும் வெற்றியுடன் கடந்து இறங்கிய ஃபிராஸ்ட், அக்காளை முட்டியதால் 25 வயதில் மாண்டார். வீரர் மார்புக்கவசம் அணியும் வழக்கம் அதன் பின்னரே பரவியது. 1990இல் புரோரோடியோ புகழ் மண்டபம் ஃபிராஸ்டையும் ரெட் ராக்கையும் ஒருசேர ஏற்றது. பாதிப் புள்ளி காளைக்கு என்னும் நீதி, புகழிலும் பிழையாது நின்றது.