முற்றத்து ரோபோவும் வெட்டியும்

‘ரோபோ’ என்னும் சொல், காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட நாடகத்தால் உலகெங்கும் பரவியது. அதன் மூலமான ‘ரொபோட்டா’ செக் மொழியில், குடியானவர் நிலக்கிழாருக்குச் செய்த கட்டாய உழைப்பைக் குறித்தது. சோழர் கல்வெட்டுகளில் அத்தகைய ஊதியமற்ற உழைப்பு ‘வெட்டி’. சிஞ்ச்வட் மக்கள் பேசும் மராத்தியில் ‘வேட்’. இவ்விரண்டும் ‘விஷ்டி’ என்னும் வடசொல்லின் வழிவந்தவை.

1995-இல் ஹஸ்க்வர்னா நிறுவனம், சூரிய ஒளியால் தானே இயங்கும் புல் அறுக்கும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனுடன் முற்றத்து வேலையும் ரோபோவின் எல்லைக்குள் புகுந்தது.

சிஞ்ச்வட்டின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வளாகம் பெருக்குவதும் புல் அறுப்பதும் இன்று கூலி வேலைகள். அங்கு இக்கருவி நுழைந்தால் ஒழிவது வெட்டியன்று, கூலியே. வீட்டுப் பெண் ஊதியமின்றிப் பெருக்கும் முற்றத்தில் மட்டுமே ரோபோ தன் பெயரின் பழங்கடனைத் தீர்க்கும்.